பழைய பேப்பரோடு போக இருந்த கொப்பி

ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, சுவிஸின் டீட்டிகோன் நகரில் எங்கள் குசினி மேசையில், என் வாழ்க்கையின் முதலாவது ஆய்வுக் குறிப்பை அம்மா பிழையென்று சொன்னார். தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இப்போது இதை எழுதும்போதும் எனக்குக் கைகால் பரபரக்கிறது.

முதலில் அந்தக் குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வரலாறு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் மாணவியாகப் பல்கலைக்கழகத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். அம்மா எனக்கு முன்பே உள்ளே போயிருக்கிறார், விரிவுரை மண்டபங்களைத் துடைப்பதற்கு. அப்பா ஒன்பதாம் வகுப்பு, அம்மா எட்டாம் வகுப்பு. இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து எழுப்பியது இலங்கைப் போர். அதனால் என் மாணவர் அட்டையை நான் பணப்பையின் உள்ளே வைப்பதில்லை. திறந்தவுடன் தெரியும் இடத்தில் வைத்திருக்கிறேன். தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த வசந்தத்தில் ஓல்டன் பக்கத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். போலந்துப் படைவீரர்களைப் பற்றிய கண்காட்சி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் தோற்றபோது, அங்கே சண்டையிட்ட போலந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி சுவிஸுக்குள் வந்தார்கள். சுவிஸ் அவர்களிடம் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு போர் முடியும்வரை முகாம்களில் வைத்தது. அவர்கள் தெரு போட்டார்கள், சதுப்பு நிலங்களை வடித்தார்கள், தோட்டங்களில் உருளைக்கிழங்கு கிண்டினார்கள். இன்றைக்கும் சில மலைப்பாதைகளில் ‘போலந்துப் பாதை’ என்று பலகை இருக்கும். எங்கள் பள்ளிச் சுற்றுலாவில் அப்படியொரு பாதையால் நடந்தபோது, அது போலந்துக்குப் போகும் வழி என்று நான் நினைத்திருந்தேன்.

அவர்களில் சிலர் போருக்குப் பிறகும் இங்கேயே தங்கிக் கலியாணம் முடித்தார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய், வைத்திருக்கும் பொருட்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவது என் வேலை. அப்படித்தான் ஓல்டனில் ஒரு பெண்மணியின் வீட்டுக்குப் போனேன். எழுபது தாண்டியவர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பன் போலந்து வீரர், தாய் சுவிஸ். சின்ன வீடு ஒன்றுக்கு மாறப்போவதால் வீடு முழுவதும் அட்டைப் பெட்டிகள். அவற்றின் நடுவில் இரண்டு கதிரைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

மேசையில் ஒரு கொப்பியை வைத்தார். மெல்லிய, மட்டை கிழிந்த கொப்பி.

“அப்பாவின் தங்கையுடையது,” என்றார். “அவள் வார்சாவில் மாட்டிக்கொண்டவள்.”

ஜெர்மானியர் போலந்தைப் பிடித்தபோது அந்தத் தங்கைக்குப் பதினைந்து வயது. வந்தவர்கள் போலந்துப் பிள்ளைகளுக்கு உயர்பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் மூடிவிட்டார்கள். சின்ன வகுப்புகளும் கைத்தொழிலும் போதும் என்பது கட்டளை. அவர்கள் எண்ணத்தில் போலந்துக்காரர் என்றால் வேலைக்குக் கை, அவ்வளவுதான். ஆனால் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் ஒளித்துப் படிப்பித்தார்கள். பிடிபட்டால் வதைமுகாம், அல்லது துப்பாக்கிச் சூடு. தங்கை பகலில் ஒரு சலவைக்கூடத்தில், நாட்டைப் பிடித்தவர்களுடைய சட்டைகளையே தோய்த்தாள். வேலை முடிந்ததும் யாருடைய வீட்டிலோ நாலைந்து பேரோடு உட்கார்ந்து படித்தாள். உயர்பள்ளிப் பாடம் எல்லாம் படித்தாள்.

“இப்படித்தான் அப்பா சொல்வார்,” என்றார் பெண்மணி. “என் அண்ணா நம்புவதில்லை. அப்பாவின் செத்தவீட்டுச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னான், சலவைக்காரியை அப்பா வாயாலேயே படிப்பாளி ஆக்கிவிட்டார் என்று. நான் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு எழும்பி வந்தேன். இன்றுவரை அந்தக் கதையை நாங்கள் எடுப்பதில்லை.”

தங்கை ஒரு குளிர்கால நாளில் டிராமில் போய்க்கொண்டிருந்தாள். தெருவின் இரு பக்கத்தையும் படையினர் அடைத்து, உள்ளே இருந்தவர்களை இறக்கி லொறியில் ஏற்றினார்கள். ஜெர்மனிக்கு வேலைக்கு ஆள் வேண்டும், அதற்காக இப்படித் தெருவில் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. போர் முடிந்தபின் பக்கத்து வீட்டுக்காரர் டிராமில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி, இந்தக் கொப்பியையும் தபாலில் அனுப்பினார். தகப்பன் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாகும்வரை பஸ்ஸில் ஏறினால் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்பாராம், எத்தனை இருக்கை வெறுமையாக இருந்தாலும்.

“நீங்கள் படித்தவர். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்,” என்றார். “அவள் படித்தாளா? அப்பா உண்மை சொன்னாரா? அது தெரியாமல் நான் வீடு மாற விரும்பவில்லை.”

நீங்கள் படித்தவர்! எனக்குத் தலை இரண்டு அங்குலம் உயர்ந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வந்தேன். மூன்று நாட்கள் அகராதியோடு இருந்தேன். சட்டை, படுக்கை விரிப்பு, மேசைத்துணி, பக்கத்தில் எத்தனை என்ற எண். கொப்பி முழுக்க இதுதான். ஓரிடத்தில் ‘சவர்க்காரம் இல்லை, சாம்பல் போட்டோம்’ என்றிருந்தது. இன்னோரிடத்தில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ‘இன்று வரவில்லை’. மறுநாளும் அதேதான். பிறகு அந்தப் பெயர் இல்லை.

வியாழக்கிழமை பெண்மணிக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று பந்திகள். அதில் இந்த வரிகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன: “இது ஒரு சலவைக்கூடத்தின் துணிப் பதிவு. தாள்கள் ஈரத்தால் பழுதடைந்துள்ளன. கல்வியோடு தொடர்புடைய தடயம் எதுவும் இல்லை.” எவ்வளவு தெளிவு என்று நானே இரண்டு தரம் வாசித்தேன்.

சனிக்கிழமை காலை எழும்பிப் பார்த்தபோது, முதல்நாள் இரவு எழுதிய பதில் வந்திருந்தது. “விரிவான விளக்கத்துக்கு நன்றி. அப்படியென்றால் அண்ணா சொன்னதுதான் சரி. நாளைக் காலை எங்கள் தெருவில் பழைய பேப்பர் எடுக்கிறார்கள். வசதியாகப் போயிற்று.”

 மடிக்கணினியில் கொப்பியின் படத்தைத் திறந்தேன். அம்மா தேநீரோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“உது ஆற்ற கொப்பி?”

“போலந்துப் பெட்டை ஒராளின்ர. சலவைக்குக் குடுத்த உடுப்பு எழுதினது.”

“பெரிசாக்கு.”

பெரிதாக்கினேன். அம்மா கணினித் திரையை உரசுமளவுக்குக் குனிந்தார்.

“இது அழிச்ச கொப்பியெல்லோ.”

“என்னம்மா?”

“முதல் வேறை என்னவோ பென்சிலால எழுதி, அழிச்சுப்போட்டு, அதுக்கு மேல உடுப்புக் கணக்கு எழுதியிருக்கு. கண்ணில்லையே உனக்கு?”

“அது ஈரம் பட்டது அம்மா. சலவைக்கூடத்தில கிடந்த கொப்பி.”

“ஈரம் எண்டால் ஓரத்தில இருந்தெல்லோ ஊறி வரும்? இஞ்ச பார், ஓரம் வெள்ளை, நடு மட்டும் சாம்பல். நடுவிலதானே எழுதுறது. பேனை மையைப் பார், வேர்விட்ட மாதிரிக் கிடக்கு. அழிச்ச தாளில மை உப்பிடித்தான் ஓடும்.” தேநீரை ஒரு மிடறு குடித்தார். “இந்தா, இதில ஓட்டை. தேய்ச்ச தேய்ப்பில தாள் பிஞ்சு போட்டுது. பாவம், நல்ல அழிறப்பரும் இல்லைப்போல அதுக்கு.”

யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் அம்மா பள்ளிக்கூடம் போனவர். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும், மெழுகுதிரி இல்லை, கொப்பியும் இல்லை. ஒரு வருடத்துக் கொப்பியைப் பழைய றப்பர் சிலிப்பரில் வெட்டிய துண்டால் அழித்து அடுத்த வருடமும் எழுதுவார்கள். இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்திருந்தும் மூன்று நாட்கள் அந்தத் தாள்களைப் பார்த்து ஈரம் என்று எழுதினேன்.

“அழிச்சது வாசிக்கேலுமோ, அம்மா?”

“ஏன் ஏலாது? ஜாம் போத்தலில திரி போட்ட விளக்கைப் பக்கத்தில வைச்சுப் படிக்கேக்க போன வருசத்துப் பாடம் அப்பிடியே எழும்பி நிக்கும். நான் ஒருக்கா சமூகக்கல்விக்கு விடை எழுதிறன் எண்டு பழைய சுகாதாரத்தையும் சேர்த்து எழுதி அடி வாங்கினனான்.”

அதற்குள் நான் தொலைபேசியை எடுத்துவிட்டேன். பெண்மணியின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அவசரம் வந்தால் மட்டும் போடுவேன் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆறு தரம் எடுத்தேன். மாநகரசபை இணையத்தளத்தைப் பார்த்தேன்: பேப்பர்க் கட்டுகளை ஏழு மணிக்கு முன் தெருவில் வைக்கவும்.

“ஐயோ அம்மா, எறியப்போறா! என்ர கடிதத்தைப் பார்த்திட்டு எறியப்போறா!”

“பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சப்பாத்தைப் போடு.”

நான் சப்பாத்துப் போட்டு நிமிர்ந்தபோது அம்மா வீட்டுச் சட்டைக்கு மேல் குளிர் அங்கியைக் கொளுவிக்கொண்டு நின்றார்.

“நீங்கள் என்னத்துக்கு?”

“நீ தனியப் போனால் திரும்பவும் ஈரம் எண்டு எழுதிப்போட்டு வருவாய்.”

ஓடினோம். ஆராவில் ரயில் மாற நாலு நிமிடம். எங்கள் ரயில் இரண்டு நிமிடம் பிந்தியது. சுவிஸ் ரயில் பிந்தினால் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். மேடையில் அம்மா எனக்கு முன்னால் ஓடினார். இருபது வருடம் மாடிப்படி துடைத்த கால்கள்.

ரயிலில் எனக்கு இருக்க முடியவில்லை. பதினைந்து வயதுப் பெட்டை பகல் முழுவதும் சாம்பலில் சட்டை தோய்க்கிறாள். விரல் வெடித்திருக்கும். வேலை முடிந்து, கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்ப் பாடம் எழுதுகிறாள். தெருவில் மறித்துப் பார்த்தால் என்ன காட்டுவது? அதனால் பாடம் மனதில் ஏறியதும் தேய்த்து அழித்துவிட்டு மேலே உடுப்புக் கணக்கு எழுதுகிறாள். தாள் தட்டுப்பாடு மட்டும் இல்லை, இது ஒளிப்பு! மறிக்கிறவர்களை ஏமாற்றுவதற்கென்றே எழுதிய பக்கத்தை நான் உண்மை என்று நம்பி, கையெழுத்தும் வைத்து அனுப்பியிருந்தேன்.

ஓல்டனில் இறங்கி, ஆரே நதியின் பழைய மரப்பாலத்தைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது எட்டு மணி ஆகவில்லை. ஆனால் தெருவின் இந்தப் பாதியில் ஒரு கட்டும் இல்லை. சுத்தமாக எடுத்துவிட்டார்கள். தெருவின் மறுமுனையில், பழைய பேப்பர் சேர்க்கும் ஊர் விளையாட்டுக் கழகத்தின் லொறி நின்றது.

“மறி!” என்று கத்தினார் அம்மா. எனக்காகக் காத்திருக்கவில்லை. லொறி நகரத் தொடங்க, முன்னால் போய் நின்று, யாழ்ப்பாணத்தில் மினிபஸ் மறிப்பதுபோல் கையைக் காட்டினார். லொறி நின்றது. செம்மஞ்சள் மேலங்கி போட்ட சாரதி தலையை வெளியே நீட்டினார்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். தவறுதலாக ஒரு கொப்பி போய்விட்டது, போர்க்காலக் கொப்பி, போலந்து, அருங்காட்சியகம்.

“மன்னிக்கவும். மேலே ஏற அனுமதியில்லை. காப்புறுதி.”

அவர் ‘காப்புறுதி’ என்று முடிக்கும்போது அம்மா பின்தட்டில் ஏறி முதலாவது கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“உங்கள் அம்மாவா?” என்று கேட்டார் சாரதி.

“ஓம். இறக்க ஏலாது,” என்றேன். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

நான் ஓடிப்போய் அழைப்பு மணியை அழுத்தினேன். பெண்மணி வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். ஒரே மூச்சில் சொன்னேன்: அழித்த கொப்பி, கீழே வேறு எழுத்து இருக்கலாம், நான் எழுதியது பிழை.

அவர் என்னை நேராகப் பார்த்தார். “நீங்கள்தானே சொன்னீர்கள், ஒன்றுமில்லை என்று.”

“சொன்னேன். பிழையாகச் சொன்னேன்.”

அதைச் சொல்லும்போது முகம் சுட்டது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை.

“கயிறு முடிந்துவிட்டது,” என்றார் அவர் நடந்துகொண்டே. “கடைசிக் கட்டைச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டினேன். அதற்குள்.”

“அம்மா! சிவப்புக் கம்பளி நூல்!”

“சிவப்போ? பொறு, பொறு…” பேப்பர் மலைக்குள் இருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. மேல்மாடி யன்னலைத் திறந்து ஒருவர், அது எங்கள் வீட்டுப் பேப்பர், யார் நீங்கள் என்று அதட்டினார். சாரதி அவரை அண்ணாந்து பார்த்து, “அது அருங்காட்சியகம்!” என்று கத்தினார். வீட்டுச் சட்டையோடு லொறியில் நின்ற என் அம்மாதான் அருங்காட்சியகம்.

சிவப்புக் கட்டு மூன்றாவது அடுக்கில் இருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார் அம்மா. ரயில்வே சஞ்சிகைகள், தபால் பட்டியல்கள், அவற்றின் நடுவே மெல்லிய, மட்டை கிழிந்த கொப்பி. அம்மா அதை உயரத் தூக்கிக் காட்டினார். சாரதி கைதட்டினார். நான் துள்ளினேன் என்று அம்மா சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

மேலே, குசினியில் அட்டைப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு மேசையைத் துடைத்தோம். அம்மா தன் ஜெர்மனில் பெண்மணிக்குச் சொன்னார்: “யன்னல் மூடு. இருட்டு வேணும்.” பெண்மணி மறுபேச்சில்லாமல் யன்னல் அடைப்பை இறக்கினார். அம்மா என் கைபேசி விளக்கைப் போட்டு மேசையில் படுக்கவைத்தார், வெளிச்சம் தாளின் மேல் சரிந்து ஓடும்படி.

முதல் பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. சட்டை, விரிப்பு, மேசைத்துணி. பெண்மணி மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

“அவசரப்படாதேங்கோ,” என்று அம்மா கொப்பியை ஒரு விரல் அளவு திருப்பினார்.

எழும்பியது! மைக்குக் கீழே, பள்ளம் பள்ளமாக, ஒரு கோடு. இன்னொரு கோடு. ஒரு முக்கோணம். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சதுரம். மூலைகளில் எழுத்துகள்.

“எட, இது எனக்குத் தெரியும்!” அம்மா தமிழில் கத்தினார். “செங்கோண முக்கோணம்! எட்டாம் வகுப்பில எங்களுக்கு இருந்தது!”

அடுத்த பக்கத்தில் லத்தீன். ஒரே சொல் ஆறு விதமான முடிவுகளோடு வரிசையாக. அதற்கடுத்த பக்கத்தில் ஆறுகளோடு ஒரு வரைபடம். போலந்து என்ற நாடே இல்லை என்று ஜெர்மானியர் அறிவித்துவிட்ட பிறகு அந்த நாட்டின் படத்தை வரைந்திருந்தாள். அதன் மேல் குறுக்காக ஓடியது, இத்தனை இராணுவச் சட்டைகள் என்ற வரி. ஓரத்தில் வேறொருவரின் சரிவான கையெழுத்தில் இரண்டு சொற்கள் அழுந்தியிருந்தன. பெண்மணி குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். தகப்பனிடம் கேட்டுப் பழகிய கொஞ்சப் போலந்து அவரிடம் இருந்தது.

“ ‘மிக நன்று’ ” என்றார். “ஆசிரியர் எழுதியது.” இன்னொரு தரம் சொன்னார். “மிக நன்று.” பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணீர் விரல்களுக்கு மேலால் ஓடியது.

நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனோம். ஒருவர் விளக்கைப் பிடிக்க, ஒருவர் கொப்பியைத் திருப்ப, நான் எழுதினேன். “இந்தா, இதில ஏதோ கிடக்கு,” “கொஞ்சம் சரியுங்கள்,” “விளக்கைப் பதி, பிள்ளை!” இரண்டு மொழிகளும் கலந்து ஓடின, யாரும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பக்கத்தில் மூன்றே மூன்று உடுப்பு வரிகள். அவற்றின் அடியில், அழித்த எழுத்தில், பாதியில் நின்ற ஒரு கணிதப் பாடம். அடுத்த தாளை எல்லாக் கோணத்திலும் பிடித்துப் பார்த்தோம். வழவழவென்று இருந்தது. யாரும் அதில் எழுதவில்லை, அழிக்கவும் இல்லை. 

பிறகு பெண்மணி எழும்பிப் போய், ஒரு பெட்டியைக் கிண்டி, கைபேசியைத் தேடி எடுத்துப் போட்டார். அது உயிர்பெற்றதும் நான் எடுத்த ஆறு அழைப்புகளுக்கும் கிணுகிணுத்தது. அவர் அதைக் கவனிக்காமல் ஒரு இலக்கத்தை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார்.

“என்ன, சனிக்கிழமை காலையிலேயே?” ஓர் ஆணின் கரகரத்த குரல். அண்ணன்காரர்.

“அவள் படித்தாள்,” என்றார் பெண்மணி.

“யார்?”

“அப்பாவின் தங்கை. கணிதம். லத்தீன். புவியியல். கொப்பி என் முன்னால் இருக்கிறது. மிக நன்று வாங்கியிருக்கிறாள்.”

 அம்மா என் கையைக் கிள்ளினார்.

“அதில் உடுப்புக் கணக்குத்தானே இருந்தது?” என்றது குரல்.

“அதற்குக் கீழே.”

மறுமுனையில் கதிரை ஒன்று இழுபடும் சத்தம். “படமெடுத்து அனுப்பு, பார்ப்போம்.”

“அனுப்பமாட்டேன்,” என்றார் பெண்மணி. முதுகை நிமிர்த்திக்கொண்டார். “நீ வந்து பார். வரும்போது நல்ல டோர்ச் லைட் ஒன்று கொண்டு வா.”